நூறு விதி, நரி இல்லை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் என்றொரு கவுண்டி; நம் கணக்கில் மாவட்டம். அதன் கிழக்கு மூலையில் இருக்கும் ஆஷ்பர்னில் என் தங்கை குடும்பம் வசிக்கிறது. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் இல்லாத ராட்சதக் கட்டடங்களாக எங்கு பார்த்தாலும் டேட்டா சென்டர்கள். அவற்றின் இடுக்கில் டவுன்ஹவுஸ் வரிசைகள், இந்திய மளிகைக் கடைகள், பரதநாட்டிய வகுப்புகள்.

அதே கவுண்டியில் தென்மேற்காக முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் மிடில்பர்க். அங்கே வேறு தேசம். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய தாழ்ந்த சுவர்கள், மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, தூரத்தில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். 50ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைந்ததும் வாஷிங்டன் தெருவாகிவிடுகிறது. தெருவின் முக்கியமான விடுதிக்குப் பெயர் ரெட் ஃபாக்ஸ் இன். 1728இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். கடைப் பலகை, தேநீர்க் கோப்பை, துணிப்பை என்று நரி இல்லாத இடமில்லை. ஹவுண்டு எனப்படும் வேட்டை நாய்களை விட்டு நரியைத் துரத்தி, குதிரையேறிப் பின்தொடரும் பழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பீட்மான்ட் என்ற குழு 1840இல் தொடங்கியது. அமெரிக்காவிலேயே மூத்தது தாங்கள்தான் என்கிறார்கள். மிடில்பர்க் குழு 1906இல் வந்தது. ஜாக்குலின் கென்னடி இந்த வட்டாரத்தில்தான் குதிரையேறி வேட்டைக்கு வந்துகொண்டிருந்தார்.

தங்கை மகள் குட்டிக்குப் பதின்மூன்று வயது. குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். வகுப்பு முடியும்வரை காரில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் ஒரு கட்டத்தில், இதற்கு நாமே ஏறிவிடலாம் என்று ஏறிவிட்டார். அவர்களுடைய பயிற்சி ஆசிரியை இங்குள்ள வேட்டைக் குழு ஒன்றில் பல வருட உறுப்பினர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இருவரையும் விருந்தினராக அழைத்துப் போவதாகச் சொன்னார். நான் அங்கே போய் இறங்கிய வாரம் அது.

அக்டோபரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முறைப்படி பருவம் தொடங்குவது அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான். சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத் துணியுமாகப் படங்களில் நாம் பார்ப்பது அந்தக் காட்சி. அதற்கு முந்தைய வாரங்கள் பயிற்சிக் காலம். இளம் ஹவுண்டுகளும் இளம் குதிரைகளும் தொழில் பழகும் சமயம் என்பதால் புதிய மனிதர்களையும் பொறுத்துக்கொள்வார்கள். உடையும் எளிது: பழுப்பு ட்வீட் கோட்டு, வெளிர்நிறக் கால்சட்டை. அதற்கு ராட்கேச்சர் என்று பெயர். எலி பிடிக்கிறவன் உடை. கடன் வாங்கிய கோட்டில் மாப்பிள்ளைக்குக் கை நீளம் இரண்டு விரற்கடை குறைந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பாடம்தான். ஆசிரியை சொன்ன விதிகளைக் குட்டி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். முதலில் வேட்டைக் குழுவின் தலைவரான மாஸ்டரைத் தேடிப் போய்க் காலை வணக்கம் சொல்ல வேண்டும். ஹவுண்டுகள் கடந்து போகும்போது குதிரையின் முகம் அவற்றைப் பார்த்து இருக்க வேண்டும், பின்புறம் அல்ல. குதிரை ஒரு ஹவுண்டை உதைத்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. உதைக்கிற பழக்கமுள்ள குதிரைக்கு வாலில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். கூட்டத்தை நடத்திப் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. விளைந்து நிற்கும் சோயா வயலில் இறங்காமல் வரப்போரமாகவே சுற்றிப் போக வேண்டும். கேட்டைத் திறந்தால் கடைசி ஆள் மூட வேண்டும், அவர் மூடி முடிக்கும்வரை கூட ஓர் ஆள் நிற்க வேண்டும். ஹவுண்டுகள் மோப்பத்தைத் தேடி நிற்கையில் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது மணி காலை பத்தானாலும் மாஸ்டரிடம் ‘குட் நைட்’ என்றுதான் விடைபெற வேண்டும்.

மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். “நூறு விதி இருக்குது மச்சான். ஒண்ணுலகூட நரி வரலையே!”

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். சனிக்கிழமை பொழுது சாயும்வரை அதைவிடச் சரியாக இந்தச் சமாச்சாரத்தை யாரும் எனக்கு விளக்கவில்லை.

சனிக்கிழமை பொழுது விடியும் முன்பே வேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மேய்ச்சல் நிலத்தில் பிக்கப் வண்டிகளும் குதிரை டிரெய்லர்களும் வரிசை கட்டி நின்றன. பள்ளத்தில் மூடுபனி. குதிரைகளின் முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. செல்வச் சீமான்கள் மட்டுமே வருவார்கள் என்று நினைத்துப் போனவனுக்கு, துருப்பிடித்த டிரெய்லர்களும் தென்பட்டது ஓர் ஆறுதல். குட்டிக்குக் கிடைத்தது ஆசிரியையின் கிழட்டுக் குதிரை. பழம் தின்று கொட்டை போட்டது. இவளைவிட அதிக வேட்டைப் பருவங்களைப் பார்த்தது. அதற்கு எல்லாம் தெரியும், நீ சும்மா உட்கார்ந்திரு என்று சொல்லியே ஏற்றிவிட்டார்கள்.

ஹவுண்டுகள் வந்த வண்டியின் கதவு திறந்தது. வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாகக் குதித்து இறங்கின. குரைப்பு இல்லை, சண்டை இல்லை. தலைமை வேட்டைக்காரர் குதிரையில் உட்கார்ந்தபடி சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் துண்டுகளை எடுத்துப் பெயர் சொல்லிப் போட்டார். அந்தந்தப் பெயருக்கு உரியது மட்டும் வாய் திறந்தது, மற்றவை பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு எல்லாம் ஒரே சாயலாகத் தெரிந்தன. அவருக்கு ஒவ்வொன்றின் அம்மாவையும் பாட்டியையும் தெரியும். எண்ணுவது இரண்டிரண்டாக, ‘பதினைந்தரை ஜோடி’ என்றால் முப்பத்தொன்று. மாஸ்டர் சுருக்கமாகப் பேசினார். இந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு நன்றி என்று தொடங்கினார், அதையே இன்னொரு முறை சொல்லி முடித்தார்.

கூட்டம் மூன்றாகப் பிரியும். தாவிப் போகிறவர்கள் முதல் அணி. பெரும்பாலும் கேட் வழியாகப் போகிறவர்கள் இரண்டாவது. நடையும் ஓட்டமுமாக மேட்டில் நின்று பார்க்கிறவர்கள் மூன்றாவது அணி, ஹில்டாப்பர் என்பார்கள். எங்கள் வீட்டுக் குதிரைவீரர்கள் இருவரும் அந்த மூன்றாவதில், அதிலும் கடைசியில்.

தங்கையும் நானும் ஓய்வு பெற்ற லாடக்காரர் ஒருவரின் பிக்கப்பில் ஏறிக்கொண்டோம். அந்த வட்டாரத்துக் குதிரைகளின் குளம்புகளையெல்லாம் ஒரு காலத்தில் மடியில் வைத்து வேலை பார்த்தவர். இப்போது முதுகு ஒத்துழைக்காததால் வண்டியிலேயே வேட்டையைத் தொடர்கிறார். ஒரு மண்பாதை வளைவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஜன்னல்களை இறக்கினார். வண்டிப் புகை மோப்பத்தைக் கெடுக்கும், தேவையில்லாமல் நகர்ந்தால் நரி வழி மாறிவிடும், அதனால் கேட்பதுதான் நமக்கு வேலை என்றார். பூமி வெதுவெதுப்பாகவும் காற்று குளிர்ந்தும் இருக்கும்வரை நரியின் வாடை தரையோடு படிந்திருக்குமாம். வெயில் ஏறினால் வாடையும் மேலே போய்விடும். இவ்வளவு அதிகாலையில் எழுப்பியதன் காரணம் அப்போதுதான் தங்கைக்கு விளங்கியது, விளங்கினாலும் மன்னிக்கவில்லை.

கீழே ஓடையோரக் காட்டுக்குள் ஹவுண்டுகள் தேடிக்கொண்டிருந்தன. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒற்றைக் குரல் எழுந்தது. நான் நிமிர்ந்தேன். லாடக்காரர் அசையவில்லை. “அது இளசு. பொய் சொல்லும்” என்றார். மற்றவையும் அதை நம்பவில்லை போலும், சத்தம் அடங்கியது. சற்றுப் பொறுத்து, ஆழமான கனத்த குரல் ஒன்று இரண்டு முறை எழுந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “இவள் பொய் சொல்ல மாட்டாள்.” அடுத்த நொடி காடே வாய் திறந்தது. முப்பது தொண்டைகளும் ஒரே சமயம். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவர்கள் வருகிறார்கள். நரியைப் பார்ப்பதற்கல்ல. பாதிப் பேர் பருவம் முழுக்க நரியைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் என்று அவரே சொன்னார். கொம்பு ஊதும் ஒலி துண்டு துண்டாக வேகமாக வந்தது. நரி காட்டைவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

அது எங்கள் முன்னால்தான் வெளியேறியது. செந்நரி, கறுப்புக் கால்கள், வால் நுனியில் வெள்ளை. உயிருக்கு ஓடுகிற அவசரம் எதையும் அதனிடம் நான் காணவில்லை. பாதையைக் குறுக்காகக் கடந்து, எதிரே புல்வெளியில் ஏறி, நின்று, உட்கார்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எழுந்து நேராக மாடுகள் மேயும் இடத்துக்குப் போய் அவற்றின் கால்களுக்கு நடுவே நுழைந்து மறுபுறம் வெளிவந்தது. கல்சுவரின் மேல் தாவி ஏறி, அதன் மேலேயே கொஞ்ச தூரம் நடந்து அப்பால் இறங்கியது. மாட்டு வாடையில் தன் வாடையை மறைக்கும் வேலை. தங்கை, “அடிப்பாவி!” என்றாள். அவளுக்கு அது பெண்நரி என்று எப்படித் தெரிந்ததோ. லாடக்காரர் தொப்பியைக் கழற்றி, நரி போன திசையைக் காட்டி கையை நீட்டி நின்றார். கத்தவில்லை.

சில நிமிடங்கள் கழித்தே ஹவுண்டுகள் வந்தன. நரி உட்கார்ந்த இடத்தில் இன்னும் பலமாகச் சத்தம் போட்டன. மாடுகளிடம் வந்ததும் சுருதி இறங்கி, நின்றே போயிற்று. மூக்கைத் தரையில் வைத்து விசிறியாகப் பரவின. தலைமை வேட்டைக்காரர் தொலைவிலேயே குதிரையை நிறுத்திக்கொண்டார். அவை தாமே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். லாடக்காரரின் தொப்பி நீட்டிய கையை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவருக்குப் பின்னால் முதல் அணி மொத்தமும் மூச்சு வாங்கியபடி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றது. லட்சக்கணக்கில் மதிப்புள்ள குதிரைகளில் வந்தவர்கள் ஒரு கிழட்டுப் பெண் ஹவுண்ட் கல்சுவரை முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. அதிகாரப் படிநிலையில் மனிதன் இங்கே மூன்றாவது இடம்தான். அதையும் ஒத்துக்கொண்டுதான் சந்தா கட்டுகிறான்.

வழிக்கு நடுவே முள்கம்பி வேலி வந்தால் அதன் மேல் கோழிக்கூட்டின் கூரை மாதிரி இருபுறமும் சரிந்த மரப்பலகை அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். கூப் என்கிறார்கள். குதிரை தாவ அதுதான் இடம். முதல் அணி அதன்மேல் ஒவ்வொருவராகப் பாய்ந்து மறைந்தது. வெகுநேரத்துக்குப் பின் மூன்றாவது அணி சாவதானமாக வந்து கேட்டைத் திறந்தது. கடைசியில் எங்கள் மாப்பிள்ளை. கேட்டை மூடும் பொறுப்பு அவருக்கு. குதிரை ஒத்துழைக்காமல் வட்டமடிக்க, சங்கிலியை மாட்ட அவர் பட்ட பாட்டைக் குட்டி தன் குதிரையில் ஆடாமல் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப்படி கூட நிற்க வேண்டிய ஆள் அவள்தான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இந்த நரி வேட்டையில் பைத்தியம் இருந்தது. தன் பண்ணையான மவுன்ட் வெர்னானில் சொந்தமாக ஹவுண்டுகள் வைத்திருந்தார். 1785இல் பிரான்சிலிருந்து நண்பர் லஃபாயெத் அவருக்கு ஹவுண்டுகளை அனுப்பிவைத்தார். அவற்றில் வல்கன் என்பது விருந்துக்குச் சமைத்த பன்றித் தொடையையே சமையலறையிலிருந்து கவ்விக்கொண்டு ஓடியதாக அந்த வீட்டில் வளர்ந்த, மனைவி வழிப் பேரன் எழுதி வைத்திருக்கிறார். மிடில்பர்க்கில் 1954இல் தொடங்கிய விளையாட்டு நூலகம் ஒன்று இருக்கிறது. வேட்டை, குதிரை, மீன்பிடிப்பு பற்றிய பழைய புத்தகங்களுக்கென்றே. இப்படிப்பட்ட கதைகளை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வாஷிங்டனோடு சரிக்குச் சரி குதிரையோட்டி, ஹவுண்டுகளைத் தொடர்ந்த வில்லியம் லீயைப் பற்றி அதே உற்சாகத்தோடு பேசுவதில்லை. லீ அடிமை. காடு, புதர், பள்ளம் எதுவும் பாராமல் பாய்ந்து போகிற சவாரி என்று பேரன் அவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வாஷிங்டன் 1799இல் இறந்தபோது உயிலின்படி உடனடியாக விடுதலை பெற்றவர் லீ ஒருவர்தான். ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் அவருக்கு எழுதி வைத்திருந்தார். அதற்குள் முழங்கால்கள் இரண்டும் நொறுங்கி, செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார் லீ. இந்த அழகான கல்சுவர்களை யார் அடுக்கினார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரத்தான் செய்யும்.

கொல்வதில்லை என்பது இங்குள்ளவர்கள் முதலில் சொல்லும் பதில். துரத்துவதுதான் நோக்கம், நரி வளைக்குள் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது, அதே நரியை அடுத்த வாரமும் எதிர்பார்க்கிறோம் என்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். 1905 நவம்பரில் இதே வட்டாரத்தில் ஒரு பெரிய பந்தயம் நடந்தது. ஆங்கில ஹவுண்டா, அமெரிக்க ஹவுண்டா, எது உசத்தி என்று மாசசூசெட்ஸ்காரர்கள் இருவருக்குள் தகராறு. ஹென்றி ஹிக்கின்சன் ஆங்கிலக் கட்சி, ஹாரி வூஸ்டர் ஸ்மித் அமெரிக்கக் கட்சி. நாட்கணக்கில் துரத்தியும் இரண்டு அணியும் ஒரு நரியைக்கூடப் பிடிக்கவில்லை. ஓடிய விதத்தை வைத்து ஸ்மித் ஜெயித்ததாக நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் எப்போதாவது நரி அகப்படுவதும் உண்டு. நரியிடம் சம்மதம் கேட்டுத் தொடங்குகிற விளையாட்டும் இல்லை இது. ஸ்காட்லாந்து 2002இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2004இலும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன; அதன் பிறகு அங்கே வாடை தோய்த்த துணியை இழுத்துக்கொண்டு போய் அந்தத் தடத்தில் ஹவுண்டுகளை விடுவது மாற்றாக வந்தது. அது போதாதா என்று கேட்டேன். துணிக்கு மாட்டு மந்தைக்குள் புகத் தெரியாதே என்றார் லாடக்காரர். நல்ல பதில்தான். நரிக்கு அது நல்ல பதிலா என்பது வேறு.

நம் ஊட்டியிலும் இது இருந்தது. சினிமாப் பாட்டுகளில் பார்த்துப் பழகிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளி வெள்ளைக்காரன் ஹவுண்டுகளை ஓடவிட்ட இடம்தான். அங்கே துரத்தப்பட்டது நம்மூர் நரி. வெள்ளைக்காரன் போன பிறகு வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஆனால் ஊட்டியில் அது ஆண்டவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது, மலைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வர்ஜீனியாவில் நிலத்துக்காரன் வேலியைத் திறந்துவிட்டால்தான் வேட்டை உண்டு. மாஸ்டர் இரண்டு முறை நன்றி சொன்னது வெறும் மரியாதைக்காக இல்லை. ஒரு விவசாயி கோபித்துக்கொண்டு வேலியை அடைத்தால் பல மைல் ஓட்டம் துண்டாகிவிடும். 1993இல் டிஸ்னி நிறுவனம் தெற்கே ஹேமார்க்கெட் அருகே வரலாற்றுப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தபோது, இந்தக் குதிரைக்காரர்களும் வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். மறு ஆண்டே டிஸ்னி திட்டத்தைக் கைவிட்டது. காப்பாற்றியது வரலாற்றையா, தங்கள் மேய்ச்சல் நிலத்தின் அமைதியையா என்றால் இரண்டையும்தான். நிலத்தைக் கூறுபோட்டு விற்க முடியாதபடி எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் இங்கே நிறையப் பேர். டேட்டா சென்டர்கள் இந்தப் பக்கம் இன்னும் வராததற்கு நரிக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

கடைசியில் அந்த நரி, சுவரோரம் பழைய வளை ஒன்றுக்குள் போய்விட்டது. கொம்பு நீளமாக, நடுங்கி ஒலித்தது. ஹவுண்டுகளைத் தட்டிக்கொடுத்து, புகழ்ந்து, அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். மணி பத்தரைகூட ஆகவில்லை. மாப்பிள்ளை மாஸ்டரின் அருகே போய், தொப்பியைத் தொட்டு, பளீரென்ற வெயிலில் ‘குட் நைட்’ சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதன் பிறகு சாப்பாடு. எத்தனை மணியானாலும் அதற்குப் பெயர் வேட்டைக் காலையுணவு. டிரெய்லர்களுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, உப்பிட்ட வர்ஜீனியா பன்றித் தொடைக்கறி வைத்த பிஸ்கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சைவக்காரியான தங்கைக்கு ஆப்பிளும் பிரவுனியும்தான் மிச்சம். அதில் ஒரு ஆப்பிளைக் கிழட்டுக் குதிரையிடம் பறிகொடுத்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று குட்டியிடம் கேட்டேன்.

“பாதி நேரம் நின்னுட்டுதான் இருந்தோம் மாமா” என்றாள். முகம் முழுக்கச் சேறு. “உட்சக்னு ஒரு பிராணி தோண்டுன குழி இருந்துச்சு, முன்னால போனவங்க கத்துனாங்க, நான் பின்னால இருந்தவங்களுக்குக் கத்துனேன். அப்பா குதிரை நடுவுல நின்னு புல்லு மேஞ்சுது. ஹவுண்ட் சத்தம் எங்க பக்கம் வந்தப்போ இது காதை விடைச்சு நடுங்குச்சு. என் காலுக்கடியில நடுங்குனது தெரிஞ்சுது. நரியைப் பாக்கவே இல்ல.”

“நான் பாத்தேன்டி” என்றாள் தங்கை, வீம்பாக.

மாஸ்டர் எங்களிடம் வந்து கை குலுக்கினார். கேட்டை ஒழுங்காக மூடியதற்கு மாப்பிள்ளையைத் தனியாகப் பாராட்டினார். யாரோ கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பரில் பருவத் தொடக்கத்துக்கும் வரலாமே என்றார். விருந்தினராக வந்தாலும் அன்றன்றைக்குக் கட்டணம் உண்டு, முழு உறுப்பினராவது குடும்பச் செலவுக் கணக்கில் பெரிய ஓட்டை, சொந்தக் குதிரை என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் மாப்பிள்ளை திரும்பும் வழியில் சத்தமாகவே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். டேட்டா சென்டர் கட்டடங்கள் தெரியத் தொடங்கியபோது கூட்டுத்தொகை அவருக்கு உவப்பாக இல்லை. குட்டி பின்சீட்டில் பூட்ஸோடு தூங்கிவிட்டாள்.

“மொதல்ல சனிக்கிழமை பாட்டு கிளாஸ் என்னாகும்னு சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளை.

தங்கை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டீச்சருக்கு மெசேஜ் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எடம் இருக்காம்.”